சொபோகிளிஸ்: வாழ்வும் நாடகப் பணியும்
(கி.மு. 496 – கி.மு. 406)

க.பொ.த. உயர் தரம் – கிரேக்க உரோம நாகரிகம்

அறிமுகம்



கிரேக்க இலக்கியம் என்றதும் பலருக்கு ஒருவித அச்சம் ஏற்படுகின்றது. பெயர்கள் நாவில் நுழைவதில்லை. ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்படுகின்றன. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கோ ஒரு நாட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி மாத்தளையில் இருக்கும் நாம் ஏன் படிக்க வேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பதுண்டு. அது நியாயமான வினாவே. சொபோகிளிஸின் வாழ்க்கையை முழுமையாகப் படித்து முடித்த பின்னர் அவ்வினாவுக்கு உங்களுக்கே விடை கிடைக்கும்.

கிரேக்கத் துன்பியல் நாடகாசிரியர்களுள் மூவரின் ஆக்கங்களே இன்று முழு நாடகங்களாகக் கிடைக்கின்றன. அவர்கள் எஸ்கிலஸ், சொபோகிளிஸ், யூரிப்பிடிஸ் ஆகியோராவர். இவர்களுள் நடுவரான சொபோகிளிஸ் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தவர். ஏதென்ஸ் நகரம் உயர்ந்த காலத்திலும் அது வீழ்ச்சியை நோக்கிச் சென்ற காலத்திலும் அங்கேயே இருந்தவர். ஆகவே இவரது வாழ்க்கையைப் படிப்பது கி.மு. 5 ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் வரலாற்றைப் படிப்பதற்கும் ஒப்பாகும்.

இவரைப் பற்றிய செய்திகள் இரு வகைப்படும். கல்வெட்டுக்களாலும் அக்கால எழுத்துக்களாலும் உறுதிப்படுத்தப்பட்டவை ஒரு வகை. பிற்காலத்தோர் எழுதிவைத்த மரபுக் கதைகள் மற்றொரு வகை. விடை எழுதும்போது இவ்விரண்டையும் கலந்துவிடாது, மரபுக் கதையை மரபுக் கதை என்றே குறிப்பிடுதல் வேண்டும்.

1. பிறப்பும் குடும்பமும்

சொபோகிளிஸ் ஏறத்தாழ கி.மு. 496 இல் கொலோனஸ் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே, நகருக்கு மிக அண்மையில் அமைந்திருந்தது. தந்தையின் பெயர் சொபிலஸ் ஆகும். அவர் போர்க்கவசங்கள் செய்யும் தொழிற்கூடத்தின் உடைமையாளராகவும் செல்வந்தராகவும் விளங்கினார். பாரசீகத்துடனான போர்கள் நடைபெற்ற அக்காலத்தில் இத்தொழிலுக்கு நல்ல வருவாய் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

தாம் பிறந்த ஊரின் மீது இவர் கொண்ட பற்று இறுதிவரை மாறவில்லை. தமது வாழ்வின் கடைசி நாடகத்தை இவர் அந்த ஊரையே களமாகக் கொண்டு எழுதினார். இது பின்னர் விளக்கப்படும்.

2. கல்வியும் சலாமிஸ் வெற்றியும்

செல்வக் குடும்பத்துப் பிள்ளையாதலால் இவருக்குச் சிறந்த கல்வி கிடைத்தது. அக்காலக் கிரேக்கக் கல்வியில் உடற்பயிற்சி, இசை, கவிதை ஆகியன முக்கிய இடம் பெற்றன. லம்ப்ரஸ் என்னும் புகழ்பெற்ற இசை ஆசிரியரிடம் இவர் பயின்றார் எனப் பழைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகின்றது.

கி.மு. 480 இல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர் பாரசீகக் கடற்படையைத் தோற்கடித்தனர். இவ்வெற்றியைக் கொண்டாடிய நிகழ்வில் யாழ் போன்ற 'லயர்' என்னும் நரம்பிசைக் கருவியை ஏந்திச் சிறுவர் பாடற்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சொபோகிளிஸ் என்பது மரபு. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 16 ஆகும்.

நினைவிற் கொள்க: மூன்று நாடகாசிரியர்களையும் சலாமிஸ் போருடன் இணைத்து ஒரு பழைய மரபு உண்டு. எஸ்கிலஸ் அப்போரில் போரிட்டார். சொபோகிளிஸ் வெற்றி விழாவில் பாடினார். யூரிப்பிடிஸ் அன்றைய தினமே பிறந்தார். இதில் மூன்றாவது செய்தி கதையாகவே கொள்ளப்படுகின்றது. ஆயினும் மூவரின் வயது வரிசையை மனத்தில் இருத்திக்கொள்ள இது நல்ல உபாயமாகும்.

3. ஏதென்ஸின் நாடக விழா

சொபோகிளிஸின் பணியை விளங்கிக்கொள்ள முதலில் நாடக விழாவை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏதென்ஸில் நாடகம் என்பது நினைத்த நாளில் நடத்தப்படும் பொழுதுபோக்கு அன்று. அது டயோனிசஸ் என்னும் தெய்வத்துக்குரிய சமய விழாவின் ஓர் அங்கமாகும். இவ்விழாக்களுள் பிரதானமானது நகர டயோனிசியா ஆகும். இது எமது பங்குனி மாதத்தை ஒட்டிய இளவேனிற் காலத்தில் நடைபெற்றது. தெய்வத்தின் திருவுருவம் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டது. பலிகள் இடப்பட்டன. அதன் பின்னரே நாடகப் போட்டி ஆரம்பமாயிற்று.

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் மாசிமகத்தையொட்டிப் பஞ்சரத பவனி நடைபெறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நாட்களில் நகரம் முழுவதும் வீதிக்கு வந்துவிடும். அத்தகைய ஒரு திருவிழாச் சூழலிலேயே ஏதென்ஸ் மக்கள் நாடகம் பார்த்தனர் என எண்ணிக்கொள்ளுங்கள்.

துன்பியல் நாடகப் போட்டிக்கு மூன்று ஆசிரியர்கள் தெரிவு செய்யப்படுவர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் 'சட்டிர்' எனப்படும் ஒரு கேலி நாடகத்தையும் மேடையேற்றுவர். பாடற்குழுவின் செலவைச் செல்வந்தரான ஒரு குடிமகன் ஏற்பார். நடுவர்கள் திருவுளச்சீட்டு முறையில் தெரிவு செய்யப்பட்டு, முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களைத் தீர்மானிப்பர்.

நாடகம் அக்ரோபொலிஸ் குன்றின் தென்புறச் சரிவில் திறந்தவெளியில் நடைபெற்றது. மக்கள் சரிவில் அமர்ந்து கீழே உள்ள ஆடுகளத்தைப் பார்த்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர திறந்தவெளி அரங்கைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். நடிகர்கள் முகமூடி அணிந்தனர். பெண் பாத்திரங்களையும் ஆண்களே நடித்தனர்.

இன்னுமொரு முக்கிய விடயம் உண்டு. நாடகத்தின் கதை பார்வையாளருக்கு முன்னரே தெரிந்ததாகும். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடப்படும்போது மன்மதன் எரிக்கப்படுவான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எனினும் ரதி புலம்பும்போது கூடியிருப்போரின் கண்கள் கலங்குகின்றன. கிரேக்க நாடகமும் அவ்வாறானதே. என்ன நடக்கும் என்பதிலன்றி, அது எவ்வாறு நடக்கின்றது, ஏன் நடக்கின்றது என்பதிலேயே அதன் சுவை தங்கியுள்ளது.

4. முதற் பரிசு

கி.மு. 468 இல் சொபோகிளிஸ் தமது 28 ஆம் வயதளவில் நாடகப் போட்டியில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு அவரிடம் தோற்றவர் அதுவரை ஈடிணையற்று விளங்கிய எஸ்கிலஸ் ஆவார். பார்வையாளரிடையே கடும் சர்ச்சை எழுந்தமையால், வழமையான நடுவர்களுக்குப் பதிலாகத் தளபதி கிமோனும் அவருடன் பதவி வகித்த ஏனைய தளபதிகளும் தீர்ப்பளிக்குமாறு கேட்கப்பட்டனர் எனப் புளூட்டாக் எழுதியுள்ளார்.

இவ்வெற்றியைத் தொடர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவர் எழுதினார். பழைய கணக்கொன்றின்படி இவர் எழுதிய நாடகங்கள் 123 ஆகும். நகர டயோனிசியா விழாவில் மாத்திரம் 18 முறை முதலிடம் பெற்றார். ஏனைய விழாவையும் சேர்த்தால் வெற்றிகள் 24 எனக் கூறப்படுகின்றது. மூவர் பங்குபற்றும் போட்டியில் இவர் ஒருமுறையேனும் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

5. நாடகத்தில் செய்த மாற்றங்கள்

சொபோகிளிஸ் கிரேக்க நாடகத்தின் வளர்ச்சிக்கு ஆற்றிய பங்களிப்பைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) மூன்றாவது நடிகர்: ஆரம்பத்தில் பாடற்குழுவுடன் ஒரு நடிகரே உரையாடினார். எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைச் சேர்த்தார். சொபோகிளிஸ் மூன்றாவது நடிகரை அறிமுகப்படுத்தினார். இருவர் வாதிடும்போது மூன்றாமவர் செய்தி ஒன்றுடன் வந்து நிலைமையை மாற்றுவதற்கு இது வழிவகுத்தது.

(ஆ) பாடற்குழு: கோரஸ் எனப்படும் பாடற்குழுவினரின் தொகையை 12 இலிருந்து 15 ஆக உயர்த்தினார் எனக் கூறப்படுகின்றது. எனினும் எஸ்கிலஸின் நாடகங்களோடு ஒப்பிடும்போது, இவரது நாடகங்களில் கதையின் பாரத்தைப் பெரும்பாலும் பாத்திரங்களே சுமக்கின்றன.

(இ) காட்சித் திரை: மேடையின் பின்புறத்தில் ஓவியம் தீட்டும் வழக்கத்தை இவருக்கு உரியதாக அரிஸ்டோட்டில் குறிப்பிடுகின்றார்.

(ஈ) தனி நாடகம்: எஸ்கிலஸ் ஒரே கதையை மூன்று நாடகங்களாகத் தொடர்ந்து எழுதும் முறையைக் கையாண்டார். சொபோகிளிஸ் பெரும்பாலும் அம்முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு நாடகத்தையும் தன்னளவில் நிறைவு பெற்றதாக ஆக்கினார்.

(உ) ஆசிரியரும் நடிகரும்: முற்காலத்தில் நாடகாசிரியரே நடிப்பதும் வழக்கம். குரல் வலிமை போதாமையால் சொபோகிளிஸ் காலப்போக்கில் நடிப்பதை நிறுத்தினார் என மரபு கூறுகின்றது.

6. பொதுப் பணி

சொபோகிளிஸ் வீட்டுக்குள் இருந்து எழுதிய கவிஞர் அல்லர். ஏதென்ஸ் சனநாயக ஆட்சியில் குடிமகன் ஒருவன் ஏற்கக்கூடிய உயர் பதவிகளை இவர் ஏற்றார்.

கி.மு. 443/442 இல் டெலியன் கூட்டமைப்பின் நிதிப் பொறுப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். நேச நாடுகள் செலுத்திய திறைப் பணத்துக்கு இவர்களே பொறுப்பாவர். கி.மு. 441/440 இல் பத்துத் தளபதிகளுள் ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டுப் பெரிக்கிளிஸுடன் சாமோஸ் தீவுக்கு எதிரான போரில் பங்குபற்றினார். அன்ரிகனி நாடகத்தின் வெற்றியே இப்பதவியைப் பெற்றுத்தந்தது என ஒரு மரபு உண்டு. ஆனால் இவருக்குக் கவிதை தெரியும், போர்த்தந்திரம் தெரியாது என்பதே பெரிக்கிளிஸின் கருத்தாக இருந்தது என அக்காலத்தவரான கியோஸ் தீவின் அயோன் என்னும் கவிஞர் பதிவு செய்துள்ளார்.

கி.மு. 413 இல் சிசிலிப் படையெடுப்பு முற்றாகத் தோல்வியடைந்தது. ஏதென்ஸ் தன் கடற்படையையும் ஆயிரக்கணக்கான வீரர்களையும் இழந்தது. அந்நெருக்கடியைச் சமாளிக்க மூத்தோர் பத்துப் பேரைக் கொண்ட சபை ஒன்று நியமிக்கப்பட்டது. எண்பது வயதைக் கடந்த சொபோகிளிஸ் அதிலும் இடம்பெற்றார்.

சமயப் பணியிலும் இவருக்குப் பங்குண்டு. கி.மு. 420 அளவில் மருத்துவத் தெய்வமான அஸ்கிளிப்பியஸின் வழிபாடு ஏதென்ஸுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அத்தெய்வத்தைத் தம் இல்லத்தில் வரவேற்றவர் இவர் எனவும், அதனால் மறைவின் பின்னர் 'வரவேற்றவர்' எனப் பொருள்படும் டெக்சியன் என்னும் பெயரில் வழிபடப்பட்டார் எனவும் கூறப்படுகின்றது.

7. அன்ரிகனி

இந்நாடகம் ஏறத்தாழ கி.மு. 441 இல் மேடையேறியது எனக் கருதப்படுகின்றது. கதைச் சுருக்கம் வருமாறு:

தீப்ஸ் நகர மன்னன் ஈடிப்பஸின் புதல்வர் இருவரும் ஆட்சிக்காகப் போரிட்டு ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். புதிய மன்னனான கிரியோன் ஓர் ஆணை பிறப்பிக்கின்றான். நகரைக் காத்த எட்டியோக்கிளிஸுக்கு உரிய மரியாதையுடன் இறுதிக்கிரியை நடைபெறும். அந்நியப் படையுடன் வந்த பொலினைசிஸின் உடலோ அடக்கம் செய்யப்படாது வெளியே கிடக்க வேண்டும். மீறுவோருக்கு மரண தண்டனை.

தங்கை அன்ரிகனி இதற்கு உடன்பட மறுக்கின்றாள். சகோதரி இஸ்மினி அஞ்சிப் பின்வாங்க, அன்ரிகனி தனியே சென்று அண்ணனின் உடல் மீது மண்ணைத் தூவுகின்றாள். பிடிபட்டதும் செய்ததை ஒப்புக்கொள்கின்றாள். மன்னனின் ஆணையை விடத் தெய்வங்களின் எழுதாச் சட்டமே மேலானது என்பது அவளது வாதமாகும். கிரியோனின் மகனும் அன்ரிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹேமன், நகர மக்கள் அவள் பக்கமே உள்ளனர் எனத் தந்தைக்கு எடுத்துரைக்கின்றான். கிரியோன் கேட்கவில்லை. அன்ரிகனி உயிருடன் குகையில் அடைக்கப்படுகின்றாள். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்த பின்னரே மன்னன் மனம் மாறுகின்றான். ஆனால் காலம் கடந்துவிட்டது. அன்ரிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். ஹேமனும், அச்செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர்.

இங்கு மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். கிரியோனைக் கொடுங்கோலன் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகின்றனர். துரோகிகளின் உடலை நாட்டின் எல்லைக்குள் அடக்கம் செய்யக்கூடாது என்னும் சட்டம் ஏதென்ஸிலேயே இருந்தது. ஆகவே கிரியோனின் வாதத்தில் நியாயம் எதுவும் இல்லை எனப் பார்வையாளர் எளிதில் ஒதுக்கியிருக்க முடியாது. நாட்டின் சட்டம் ஒரு பக்கம், இரத்த உறவும் சமயக் கடமையும் மறுபக்கம். இரு கடமைகள் மோதுவதே இந்நாடகத்தின் அடிப்படை. கிரியோனின் குற்றம் சட்டம் இயற்றியது மட்டுமன்று, எவர் சொல்லையும் செவிமடுக்காமையே அவனது பெருங்குற்றம் ஆகும்.

இறந்தவருக்குச் செய்யும் கடமை பற்றிய இவ்வினா பழங்கதையோடு முடிந்துவிட்டதா? எமது நாட்டில் 2020 ஆம் ஆண்டில் கொவிட்-19 தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்தல் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பெரும் துயருற்றன. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வழங்கப்பட்டது. மார்ச் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் ஆரம்பமாயின. 2024 ஜூலையில் இதற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. போரினால் உறவினரின் உடலைக் காணாமலே கண்ணீர் வடித்த குடும்பங்களும் எமது நாட்டில் உள்ளன. மகனின் உடல் எங்கே என்று அறியாத தாய் ஒருத்திக்கு அன்ரிகனியின் கதையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

8. கொள்ளைநோயும் ஈடிப்பஸ் மன்னனும்

கி.மு. 431 இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையில் பெலப்பொனீசியப் போர் ஆரம்பமாயிற்று. பெரிக்கிளிஸின் திட்டப்படி கிராம மக்கள் அனைவரும் நகர மதிலுக்குள் வந்து தங்கினர். நெருக்கடியான அச்சூழலில் கி.மு. 430 இல் கொள்ளைநோய் பரவிப் பெருந்தொகையானோர் மாண்டனர். கி.மு. 429 இல் பெரிக்கிளிஸும் இறந்தார்.

இக்காலத்தை ஒட்டியே, ஏறத்தாழ கி.மு. 429 – 425 அளவில், ஈடிப்பஸ் மன்னன் மேடையேறியது எனப் பலர் கருதுகின்றனர். நாடகம் ஒரு கொள்ளைநோயுடனேயே தொடங்குகின்றது. தீப்ஸ் மக்கள் மன்னனிடம் வந்து தம்மைக் காக்குமாறு வேண்டுகின்றனர். முன்னைய மன்னன் லேயஸைக் கொன்றவன் நகருக்குள் இருப்பதே நோய்க்குக் காரணம் என டெல்பி அருள்வாக்கு கூறுகின்றது. கொலைகாரனைக் கண்டுபிடிக்க ஈடிப்பஸ் உறுதி பூணுகின்றான். விசாரணை ஒவ்வொரு படியாக முன்னேறுகின்றது. இறுதியில் தேடப்படுபவன் தானே என்பதும், லேயஸ் தன் தந்தை என்பதும், மனைவி யொகஸ்டா தன் தாய் என்பதும் வெளியாகின்றன. யொகஸ்டா தூக்கிட்டு இறக்கின்றாள். ஈடிப்பஸ் அவளது ஆடை ஊசிகளால் தன் கண்களைக் குத்திக் குருடாக்கிக்கொள்கின்றான்.

ஈடிப்பஸ் விதியினால் மட்டும் வீழ்ந்தான் என எழுதுவது போதாது. தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்பது விதியாக இருக்கலாம். ஆனால் உண்மையைத் தேடுமாறு எவரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. டைரீசியஸ், யொகஸ்டா, முதிய இடையன் ஆகியோர் விசாரணையை நிறுத்துமாறு வேண்டியும் அவன் நிறுத்தவில்லை. தன் மக்களைக் காக்க வேண்டும் என்ற பொறுப்பும், உண்மையை அறியும் பிடிவாதமும், விரைந்து கோபங்கொள்ளும் இயல்பும் ஒன்றுசேர்ந்தே அவனை அம்முடிவுக்கு இட்டுச் சென்றன. அவனை உயர்த்திய பண்புகளே அவனை வீழ்த்தின.

அரிஸ்டோட்டில் தமது கவிதையியல் நூலில் இந்நாடகத்தைப் பலமுறை உதாரணமாகக் காட்டுகின்றார். நிலைமை தலைகீழாதலும் உண்மையை அறிதலும் ஒரே கணத்தில் நிகழ்வதை இதன் சிறப்பாகக் குறிப்பிடுகின்றார்.

இத்தகைய நாடகத்துக்குக் கிடைத்த பரிசு எது? இரண்டாம் இடமே. முதலிடம் பெற்றவர் எஸ்கிலஸின் மருமகனான பிலொக்கிளிஸ் ஆவார். அவரது நாடகங்களில் ஒன்றேனும் முழுமையாக இன்று இல்லை. பரீட்சைப் பெறுபேற்றை எண்ணி மனம் சோரும் மாணவர் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடுவர்கள் ஒரு நாளைக்குரிய தீர்ப்பையே வழங்குகின்றனர்.

9. முதுமையும் வழக்கும்

சொபோகிளிஸின் மனைவி நிக்கொஸ்ட்ராட்டா ஆவார். இவர்களது மகன் அயோபன். அயோபனும் துன்பியல் நாடகாசிரியராக விளங்கினார். சிக்கியோன் நகரைச் சேர்ந்த தியோரிஸ் என்பவர் மூலம் அரிஸ்டன் என்னும் மற்றொரு மகனும் இருந்தார். அரிஸ்டனின் மகனுக்கும் சொபோகிளிஸ் என்றே பெயர்.

வயது முதிர்ந்தும் இவரது எழுத்து தளரவில்லை. கி.மு. 409 இல், ஏறக்குறைய 87 ஆம் வயதில், பிலொக்டிற்றிஸ் நாடகத்துக்காக முதற் பரிசு பெற்றார். ஆறாத புண்ணுடன் தீவொன்றில் தோழர்களால் தனியே கைவிடப்பட்ட ஒரு வீரனின் கதை அது.

முதுமைக் காலம் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. தந்தை நாடகத்திலேயே மூழ்கிக் குடும்பச் சொத்தைக் கவனியாது விடுகின்றார், அவரது புத்தி தளர்ந்துவிட்டது, ஆகவே சொத்தை நிர்வகிக்கும் உரிமையை அவரிடமிருந்து நீக்க வேண்டும் எனப் பிள்ளைகள் நீதிமன்றம் சென்றனராம். முதியவர் தமக்காக நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. அப்போது எழுதிக்கொண்டிருந்த கொலோனஸில் ஈடிப்பஸ் நாடகத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டி, இது புத்தி தளர்ந்தவன் எழுதியது போல் உள்ளதா என்று கேட்டாராம். நீதிபதிகள் வழக்கைத் தள்ளுபடி செய்தனர் என்பது கதை. உரோமப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ கி.மு. 44 இல் எழுதிய முதுமை பற்றிய தமது நூலில் இதனை எடுத்தாண்டுள்ளார். கிரேக்க இலக்கிய மரபை உரோமர் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்னும் வினாவுக்கு இது நல்ல சான்றாகும்.

அந்த நாடகத்தில் குருடனாகிய ஈடிப்பஸ், அன்ரிகனியின் கைபிடித்து அலைந்து திரிந்து கொலோனஸை வந்தடைகின்றான். எல்லா நகரங்களும் விரட்டிய அவனுக்கு ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் அடைக்கலம் கொடுக்கின்றான். அங்கேயே அவனது துன்பம் முடிவுறுகின்றது. தொண்ணூறு வயதை அணுகிய கவிஞர், தாம் எழுதிய மிகத் துயரமான பாத்திரத்தைத் தம் சொந்த ஊருக்கே அழைத்து வந்து இளைப்பாற வைத்தார் எனலாம்.

10. மறைவும் அடக்கமும்

கி.மு. 406 இல் யூரிப்பிடிஸ் மசிடோனியாவில் இறந்த செய்தி ஏதென்ஸை எட்டியது. நெடுங்காலம் போட்டியாளராக இருந்த அவருக்காகச் சொபோகிளிஸ் துக்க உடை அணிந்தார் எனவும், விழாவின் முன்னோடி நிகழ்வில் தமது பாடற்குழுவினரை மலர்முடியின்றி அழைத்து வந்தார் எனவும் கூறப்படுகின்றது. சில மாதங்களுக்குள் அவரும் காலமானார். கி.மு. 405 இல் மேடையேறிய அரிஸ்டோபனிஸின் தவளைகள் என்னும் இன்பியல் நாடகம், சொபோகிளிஸை இம்மையிலும் மறுமையிலும் எவருடனும் பகையற்றவராகக் காட்டுகின்றது.

அவரது குடும்பக் கல்லறை டெசீலியாவுக்குச் செல்லும் பாதையில் இருந்தது. டெசீலியாவோ கி.மு. 413 முதல் ஸ்பார்ட்டாப் படையினர் வசம் இருந்தது. மதிலுக்கு வெளியே உடலைக் கொண்டுசெல்ல வழியில்லை. அப்போது டயோனிசஸ் தெய்வம் எதிரித் தளபதி லைசாண்டரின் கனவில் தோன்றி அடக்கத்துக்கு அனுமதிக்குமாறு பணித்ததாகவும், இறந்தவர் சொபோகிளிஸ் என்பதை அறிந்த தளபதி வழிவிட்டதாகவும் பழைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகின்றது.

அக்காலத்தில் டெசீலியாவில் படைத் தலைமை வகித்தவர் ஸ்பார்ட்டா மன்னன் ஏகிஸ் ஆதலால், இதனை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் இக்கதை ஏன் தோன்றியது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பகைவனாயினும் இறந்தவனுக்கு மண் மறுக்கக்கூடாது என்று நாடகம் எழுதியவர் அவர். அவருக்கே மண் மறுக்கப்பட்டிருக்கும் என்று கூறக் கிரேக்கருக்கு மனம் வரவில்லை. போரின் நடுவே பகைவனும் கிரியோனைப் போலன்றி நடந்துகொண்டான் என்றே அவர்கள் நினைவில் வைத்தனர்.

கி.மு. 404 இல் ஏதென்ஸ் சரணடைந்தது. அத்தோல்வியைக் காண அவர் உயிருடன் இருக்கவில்லை. கி.மு. 401 இல் அவரது பேரன் சொபோகிளிஸ், பாட்டனாரின் கொலோனஸில் ஈடிப்பஸ் நாடகத்தை மேடையேற்றினார்.

11. நாடகங்கள் எமக்குக் கிடைத்த வகை

ஏறக்குறைய 120 நாடகங்களுள் இன்று முழுமையாக உள்ளவை ஏழு மட்டுமே. அவை ஏஜாக்ஸ், அன்ரிகனி, டிராக்கிஸ் நகரப் பெண்கள், ஈடிப்பஸ் மன்னன், எலெக்ட்ரா, பிலொக்டிற்றிஸ், கொலோனஸில் ஈடிப்பஸ் என்பன. இவற்றுடன் துப்பறிவோர் எனப் பொருள்படும் சட்டிர் நாடகமொன்றின் பெரும்பகுதி எகிப்தில் பப்பைரஸ் ஏட்டில் கண்டெடுக்கப்பட்டு 1912 இல் வெளியிடப்பட்டது.

இந்த ஏழும் எஞ்சியமைக்குக் காரணம் யாது? பிற்காலத்தில் ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கெனச் சில நாடகங்களைத் தெரிவு செய்தனர். பள்ளியில் படிக்கப்பட்டவை மீண்டும் மீண்டும் பிரதி செய்யப்பட்டன. படிக்கப்படாதவை மெல்ல அழிந்தன. பைசாந்தியப் பேரரசின் காலத்தில் ஏஜாக்ஸ், எலெக்ட்ரா, ஈடிப்பஸ் மன்னன் ஆகிய மூன்றும் பாடசாலைப் பாடங்களாக இருந்தன. இன்றுள்ள மிக முக்கியமான கையெழுத்துப் பிரதி 10 ஆம் நூற்றாண்டுக்குரியது. அது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உள்ளது. 1502 இல் வெனிஸ் நகரில் இவை முதன்முதலாக அச்சேறின. எமது சங்க நூல்களும் இவ்வாறே ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பிரதி செய்யப்பட்டு, சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் போன்றோரால் அச்சேற்றப்பட்டமையை இங்கு ஒப்புநோக்குக.

மாணவர்களே, பரீட்சைக்காகப் படித்தல் தாழ்ந்தது என எண்ண வேண்டாம். வகுப்பறையில் அமர்ந்து குறிப்பெடுத்த பிள்ளைகள் இருந்தமையாலேயே இந்த ஏழு நாடகங்களும் பிழைத்தன. அந்த வரிசையில் இறுதியாக நீங்கள் அமர்ந்திருக்கின்றீர்கள்.

கால அட்டவணை

கி.மு. 496 அளவில் – கொலோனஸில் பிறப்பு
கி.மு. 480 – சலாமிஸ் போர்
கி.மு. 468 – எஸ்கிலஸை வென்று முதலிடம்
கி.மு. 443/442 – நிதிப் பொறுப்பாளர்
கி.மு. 441 அளவில் – அன்ரிகனி
கி.மு. 441/440 – தளபதிப் பதவி, சாமோஸ் போர்
கி.மு. 430 – ஏதென்ஸில் கொள்ளைநோய்
கி.மு. 429 – 425 அளவில் – ஈடிப்பஸ் மன்னன்
கி.மு. 413 – மூத்தோர் சபை உறுப்பினர்
கி.மு. 409 – பிலொக்டிற்றிஸ், முதற் பரிசு
கி.மு. 406 – மறைவு
கி.மு. 401 – கொலோனஸில் ஈடிப்பஸ் மேடையேற்றம்

விடை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1. ஈடிப்பஸ் கதை கூறும் மூன்று நாடகங்களையும் ஒரே தொடர் நாடகம் என எழுதாதீர்கள். கால அட்டவணையைப் பார்த்தால் அவை வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்டமை புலப்படும். கதையில் இறுதியாக வரும் அன்ரிகனியே முதலில் எழுதப்பட்டது.
2. கொலோனஸில் ஈடிப்பஸ் நாடகம் ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் மேடையேறியது என எழுதாதீர்கள்.
3. இரண்டாவது நடிகரைச் சேர்த்தவர் எஸ்கிலஸ், மூன்றாவது நடிகரைச் சேர்த்தவர் சொபோகிளிஸ். இடம் மாற்றி எழுதாதீர்கள்.
4. கதைச் சுருக்கத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வினாவில் கேட்கப்பட்ட கருத்துக்குக் கதையிலிருந்து சான்று காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் வளர்ச்சிக்குச் சொபோகிளிஸ் ஆற்றிய பங்களிப்பை விளக்குக.
2. அன்ரிகனி, கிரியோன் ஆகிய இருவரதும் வாதங்களை எடுத்துக்காட்டி, எவரது நிலைப்பாடு ஏற்புடையது என்பதற்கு உமது கருத்தைக் காரணங்களுடன் தருக.
3. ஈடிப்பஸின் வீழ்ச்சிக்குக் காரணம் விதியா, அவனது குணமா? ஆராய்க.
4. சொபோகிளிஸின் வாழ்க்கை பற்றிய மரபுக் கதைகள் இரண்டைக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து கிரேக்கர் அவரை எவ்வாறு மதித்தனர் என்பதை எடுத்துக்காட்டுக.